ஊர் திரும்பிய மறுநாள்

பிரயாணம் புறப்படுவதைப் பற்றி நம்மவர்கள் வேண்டிய மட்டும் யோசிக்கிறார்கள். நல்ல நாள் பார்க்கிறார்கள். வழிக்குப் புளியோதரையும் முறுக்கும் தயார் செய்கிறார்கள். பூட்டிய பெட்டியைப் பத்துத் தடவை திறந்து பார்க்கிறார்கள். ஆனால் திரும்பி வருவதைப் பற்றி யாரும் அவ்வளவு சிந்திப்பதில்லை. நம் ஊர் நிலையத்தில் வண்டி நின்றதும் பிரயாணம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதன் கடினமான பாகமும், ஒரு விதத்தில் மிகவும் பயனுள்ள பாகமும், அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகின்றன.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குப் போயிருந்தோம். நானும், என் மனைவியும், தாயாரும், பதின்மூன்று வயதுப் பெண்ணும், எட்டு வயதுப் பையனுமாக ஐந்து பேர். நான்கு நாட்களில் எழும்பூர் மியூசியம், வண்டலூர் மிருகக்காட்சி சாலை, மெரீனா கடற்கரை, அங்கே 1977-ஆம் வருஷம் முதல் ஒளி வீசும் கலங்கரை விளக்கம், 2015-ஆம் வருஷத்தில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில், தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு இவ்வளவையும் பார்த்தாகிவிட்டது. பட்டணத்தில் யாரும் நடப்பதில்லை, எல்லோரும் ஓடுகிறார்கள். கூட்டத்தோடு சேர்ந்து நாமும் ஓடத்தான் வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தோம். நான்கு நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. வாசலில் கோலம் இல்லை. கொல்லையில் துளசி வாடியிருக்கிறது. பாத்திரத்தில் மாவு இல்லை, அரைக்க அரிசியும் ஊறப் போடவில்லை. ஐந்து பேருடைய நான்கு நாள் அழுக்குத் துணி மலை போல் குவிந்திருக்கிறது. பையனுடைய கால்சட்டைப் பையைத் தட்டினால் மெரீனா மணல் கூடமெல்லாம் சிதறுகிறது.

நேயர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த வேளையில் என்ன நடக்கிறது? ஆண்பிள்ளை, “அப்பாடா!” என்று சாய்வு நாற்காலியில் விழுகிறார். குழந்தைகள் படுக்கையில் விழுகிறார்கள். வீட்டு அம்மாள் மட்டும், கட்டிய புடவையைக் கூட மாற்றாமல், நேரே அடுப்பங்கரைக்குள் நுழைகிறாள். எல்லோருக்கும் கிடைத்த விடுமுறைக்கு அவள் ஒருத்தி கணக்குத் தீர்க்கிறாள். சென்னைக்குப் போகலாம் என்று சொன்னால் சில இல்லத்தரசிகள் முகம் மலராதிருப்பதற்குக் காரணம் சென்னை அன்று. திரும்பி வந்த மறுநாளின் ஞாபகம்தான்.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. அவரவர் பையை அவரவரே பிரித்து வைக்க வேண்டும். தண்ணீர்ப் பாட்டில்களைக் கழுவுவது பையன் பொறுப்பு. துணிகளைத் துவைத்து உலர்த்துவது என் பொறுப்பு. அன்று காலைப் பலகாரம் ஓட்டலிலிருந்து வரும். இரண்டு நாளாவது கையில் இருக்கும்படிதான் ஊர் திரும்புவோம். “இதெல்லாம் இல்லாவிட்டால் நான் பட்டணத்துக்கு வரவே மாட்டேன், தெரிந்துகொள்ளுங்கள்!” என்பது என் மனைவியின் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்த அலுப்பு வெறும் சோம்பல் அன்று. 2016-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பிரவுன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். புதிய இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இடது பாதி, வலது பாதியைப் போல ஆழ்ந்து உறங்குவதில்லையாம். சிறு சத்தத்துக்கும் செவி கொடுத்துக் காவல் இருக்கிறதாம். விடுதி அறையில் நமக்கு அரைத் தூக்கமாக இருப்பதன் காரணம் இதுதான். ரயிலில் கழிந்த இரவுகளையும் இதோடு கூட்டிக்கொண்டால், திங்கட்கிழமை முதல் பீரியடில் என் மாணவர்களில் சிலர் மேஜை மேல் தலை சாய்ப்பதைக் கண்டு கோபம் வருவதில்லை. ஊர் திரும்பிய அன்றே குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரைக் கண்டால்தான் வருத்தமாயிருக்கிறது.

இன்னோர் ஆராய்ச்சி. ஹாலந்து தேசத்தில் 1,530 பேரை வைத்துச் செய்தது. 2010-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. விடுமுறைப் பிரயாணம் போகிறவர்கள் போவதற்கு முன்பு மற்றவர்களைக் காட்டிலும் அதிக சந்தோஷமாயிருந்தார்கள். ஆனால் திரும்பி வந்த பிறகு பெரும்பாலோரிடம் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. மிகவும் நிதானமாக, சிரமமின்றிப் பொழுதைக் கழித்தவர்களிடம் மட்டுமே பிரயாணத்தின் சந்தோஷம் வீட்டுக்கும் கூட வந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் பட்டணத்துக்கே போக வேண்டாமே!” என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கண்டதை நம்முடையதாக்கிக் கொள்ளும் இடம் வீடுதான் என்பதே நான் சொல்ல வருவது.

விடுமுறை முடிந்ததும் வகுப்பில், ‘நான் கண்ட சென்னை’ என்று கட்டுரை எழுதச் சொல்வது என் வழக்கம். பத்து இடம் பார்த்த பிள்ளை பத்துப் பெயர்களை வரிசையாக எழுதி, “மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது” என்று முடித்துவிடுகிறான். சில நாள் கழித்து அவனோடு பேச்சுக் கொடுத்தால், ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டும் அவன் கண் மலர்ந்து பேசுகிறான். அந்த ஓர் இடம்தான் அவன் உண்மையில் கண்ட சென்னை. அது தெளிந்து மேலே வருவதற்குச் சில சாதாரண நாட்கள் வேண்டியிருக்கின்றன. கலங்கிய தண்ணீரைச் சற்று நேரம் குடத்தில் வைப்பது போலத்தான்.

என் பெண்ணின் விஷயமும் அப்படியே ஆயிற்று. 1851-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட எழும்பூர் மியூசியத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தில் அர்த்தநாரீசுவரர் திருவுருவம் ஒன்று இருக்கிறது. வலப்பக்கம் ஈசனுக்கு இரண்டு கைகள். இடப்பக்கம் அம்மைக்கு ஒரே கை. சோழர் காலத்து அற்புதம். அன்று அவள் அதன் முன் இரண்டு நிமிஷம் நின்றாள். பின்னால் வந்த கூட்டம் நகர்த்திவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் எங்கள் ஊர்ப் பஸ் ஒன்றின் பலகையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நின்றாள்.

“அப்பா, திருவெண்காடு! அந்த அர்த்தநாரீசுவரர் கிடைத்த ஊர் இதுதானே?”

“அதேதான், அம்மா.”

“இவ்வளவு பக்கத்திலா! அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனோம்?”

தினந்தோறும் கண் முன்னால் போகும் பஸ்தான். ஆனால் சென்னைக்குப் போய் வந்த பிறகுதான் அந்தப் பலகையை அவள் படித்தாள். அதே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார் என்று சொன்னதும், அவளுடைய அடுத்த யாத்திரை தீர்மானமாகிவிட்டது. அதற்கு முன்னால் திருவெண்காட்டுக் கோயிலையே போய்ப் பார்க்க வேண்டுமாம்.

பட்டணம் போய் வருவதன் லாபம் இது. நாம் வசிக்கும் ஊரையே புதுக் கண்ணோடு பார்க்கச் செய்கிறது. அந்தப் பார்வை வர வேண்டுமானால் உடம்பு ஓய்ந்திருக்க வேண்டும். மனம் தெளிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் உழைத்துக் களைத்து முகம் வாடியிருக்கக் கூடாது. ஆகையால் நேயர்கள் அடுத்த தடவை ரயிலுக்கு டிக்கெட் வாங்கும்போது, பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவிலிருந்து இரண்டை அடித்துவிட்டு, அதன் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்வார்களாக: ‘ஒரு நாள் — வீட்டில்.’