காணொளிப் பாடமும் உலாவியின் கடமையும்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்கா 1990-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அந்நகரிலிருந்தே, பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020-ஆம் ஆண்டில், ஜூன் 1 முதல் கைட் விக்டேர்ஸ் தொலைக்காட்சி ‘ஃபஸ்ட் பெல்’ என்னும் பாடங்களை ஒளிபரப்பியது. அவை இணையத்திலும் கிடைத்தன. தொலைக்காட்சியில் பாடம் ஒரே சீராகச் சென்றது. இணையத்தில் அது அவரவர் இணைப்பின் வேகத்தைப் பொறுத்தது.

இக்குறையை ஈடுசெய்யவே உலாவி காணொளியின் ஒரு பகுதியை முன்கூட்டிச் சேமித்துக்கொள்கிறது. ஏரியில் நீரைத் தேக்கிப் பின் மதகைத் திறப்பது போன்றதே இது. நொடிக்கு 8 இலட்சம் பிட் வேண்டும் 30 நிமிடப் பாடத்தின் அளவு 180 மெகாபைட் ஆகும். இணைப்பு 4 இலட்சம் பிட் மட்டுமே தருமாயின், பாடம் முழுதும் வந்துசேர 60 நிமிடம் ஆகும். ஆகவே முதல் 30 நிமிடம் சேமித்த பின்னர் தொடங்கினால்தான் பாடம் தடையின்றி ஓடும்.

ஆனால் நடைமுறை என்ன? பல பக்கங்களில், கேளாத காணொளியும் தானே இறங்கி மாணவனின் தரவுப் பணத்தைக் கரைக்கிறது. கேட்ட காணொளியோ, நிறுத்திவைத்துக் காத்திருந்தாலும், சிறிதளவே சேமிக்கப்படுகிறது. முன்னேற்றம் குறித்துப் பக்கத்தை அமைப்பவர் ‘வேண்டாம்’, ‘விவரம் மட்டும்’, ‘தானாக’ என்று குறிப்பிடலாம். எனினும் அது உலாவிக்கு ஒரு குறிப்பேயன்றிக் கட்டளையன்று.

வேகத்திற்கேற்பப் படத்தின் தரத்தைக் குறைத்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். திரைப்பாட்டிற்கு அது போதும்; கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டிற்குப் போதாது. எழுத்துத் தெளியாத பாடம் ஓடியும் பயனில்லை.

ஆதலின், உலாவி பின்பற்றத்தக்க நெறி இதுவே: பயனர் அழுத்தும்வரை படத்தின் முகப்பையும் கால அளவையும் மட்டும் காட்டுக, அழுத்தியபின் நிறுத்திவைத்தால், அவர் விரும்பும் அளவுக்குச் சேமிக்க இடந்தருக, சேமித்ததை, பின்னோக்கிப் பார்க்கும்போது மீண்டும் இறக்காதிருக்க. பாடம் தயாரிக்கும் ஆசிரியர்களும் எம்பி4 கோப்பின் அட்டவணைப் பகுதி தொடக்கத்தில் அமையுமாறு பார்த்துக்கொள்ளல் நன்று. அது இறுதியில் இருப்பின் காட்சி தொடங்கத் தாமதமாகும்.

விரைவான இணைப்புடையோர்க்கு இவை சிறு வசதிகளாகத் தோன்றலாம். மலையோரச் சிற்றூர் மாணவனுக்கோ, பாடம் கிட்டுவதும் கிட்டாமற்போவதும் இவற்றைப் பொறுத்தே உள்ளன.