காப்பீட்டுக் காசில் மருத்துவக் கல்லூரி நடக்குமா?

ஆலங்குளம் வட்டாரத்தில் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் தொழிலாளியும், சிமெண்ட் ஆலைத் தொழிலாளியும், களை எடுக்கும் பெண்ணும் நோயில் விழுந்தால் எங்கே போவார்கள்? சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். காயம்பட்டவர்களில் பலரை மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

2022 ஜனவரி 12 அன்று விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மக்களின் நெடுநாள் கோரிக்கை அது, வரவேற்கிறோம். ஆனால் இதற்குச் சோறு போடுவது யார்?

கல்லூரி ஒன்றுக்கு 325 கோடி ரூபாய் என்று திட்டம். நூற்றுக்கு அறுபது பங்கு டில்லி கொடுத்தது, நாற்பது மாநிலம். கட்டடம் எழுந்தது, கல்வெட்டும் பதித்தாயிற்று. பிறகு டாக்டர் சம்பளம், நர்சு சம்பளம், மருந்து, பஞ்சு எல்லாம் மாநிலத்தின் தலையில். அதிலும் ஒரு பகுதியைக் காப்பீட்டில் ஈட்டிக்கொள் என்பதே இன்றைய போக்கு.

2009ல் கலைஞர் காப்பீடு வந்தது. 2012ல் முதலமைச்சர் காப்பீடு; 2018ல் டில்லியின் ஆயுஷ்மான் பாரத் அதோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அந்த அட்டையால் இருதய ஆபரேஷன் செய்து பிழைத்த ஏழைகள் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அதே அட்டையின் வழியே மக்கள் வரிப்பணம் தனியார் ஆஸ்பத்திரிக் கல்லாவுக்கும் போகிறது!

சர்க்கார் ஆஸ்பத்திரியின் கதை வேறு. காலை முதல் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும் காய்ச்சல்காரனுக்கும் சர்க்கரை வியாதிக்காரிக்கும் காப்பீட்டில் காசு கிடையாது. படுக்கையில் கிடத்தி, பட்டியலில் உள்ள சிகிச்சையைச் செய்தால்தான் பணம். மாணவன் வைத்தியம் கற்பதோ அந்த வரிசையில். நாடி பிடித்து, நெஞ்சில் குழல் வைத்து, அவன் டாக்டராவது அங்கேதான். காசு வராத வரிசையை நிர்வாகம் எத்தனை நாள் மதிக்கும்? பேராசிரியர் பாடம் நடத்துவாரா, காப்பீட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாரா?

1954ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி எந்த அட்டையை நம்பி டாக்டர்களை உருவாக்கியது? சர்க்கார் பட்ஜெட்டை நம்பித்தான்.

2020ல் நிதி ஆயோக் இன்னும் துணிந்தது. ஜில்லா ஆஸ்பத்திரிகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளிடம் ஒப்படைக்கலாம், அங்கே ‘சந்தைப் படுக்கை’ போடலாம் என்று நகல் திட்டமே தயாரித்தது. நோயாளிக்குப் படுக்கையா, சந்தைக்குப் படுக்கையா?

தேச வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை 2025க்குள் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று 2017ல் எழுதிக் கொடுத்தது டில்லி சர்க்கார். கெடு முடிந்துவிட்டது. அந்தப் பணத்தை எடுத்து வை! விருதுநகர் கல்லூரியின் நடப்புச் செலவிலும் அறுபது பங்கைக் கொடு! தீக்காயச் சிகிச்சைக்குப் பட்ஜெட்டில் தனியே ஒதுக்கு!