அழுத்தமானி காட்டாத ஒன்று

மும்பை நகரின் பரேல் பகுதியில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம், 1899 ஆம் ஆண்டில் பிளேக் ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கப்பெற்றதாகும். அங்குத் தயாரான தடுப்பு மருந்து, 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி வழியாகச் செலுத்தப்பெற்றது. திறக்கப்பெற்ற புட்டிகள் ஐந்து. அவற்றுள் ஒரு புட்டியின் மருந்தைப் பெற்ற 19 பேர் டெட்டனஸ் நோயால் மாண்டனர். கார்பாலிக் அமிலத்தை விடுத்து வெப்பத்தையே நம்பியது தவறு எனக் கூடத்தின் தலைவர் வால்டெமர் ஹாஃப்கின் மீது பழி சுமத்தப்பட்டது. புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது தீயில் காட்டப்பெறாமல் மருந்து நீரில் மட்டும் அலசப்பெற்றதும் பின்னர் வெளிப்பட்டன. ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடி அப்பழியை நீக்க 1907 வரை ஆயிற்று.

இத்துறைக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் என்னை அடிக்கடி நிறுத்துகிறது. 'ஸ்டெரிலைஸ்' என்பதற்குச் சிலர் 'தூய்மை செய்தல்' என்றே எழுதிவிடுகின்றனர். சோப்பு நீரில் கழுவிய சோதனைக் குழாய் தூய்மையானதுதான். ஆயினும் அதில் உயிருள்ள கிருமி இராது என்று எவரும் உறுதி கூற இயலாது. 'கிருமி நீக்கம்' என்று எழுதுவதே முறை.

ஆட்டோகிளேவில் கிருமியைக் கொல்வது அழுத்தம் அன்று; ஈரமான வெப்பமே. கலத்தினுள் நீராவி மட்டும் நிறைந்திருப்பின், 15 பவுண்டு அழுத்தத்தில் வெப்பநிலை 121 பாகை செல்சியசு ஆகும். உள்ளிருந்த காற்றில் பாதி வெளியேறாமல் தங்கினால், முள் அதே 15 இல் நிற்கும். வெப்பநிலையோ ஏறத்தாழ 112 பாகையே. காற்று நீராவியினும் கனமானதாகையால் அடியில் தேங்குகிறது. 1972 இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் உயிரிழந்ததற்குக் காரணம் இதுவே: மருந்துத் தொழிற்சாலையின் கலத்தில் காற்று தேங்கியமையால், கீழ்த்தட்டுக் குளூக்கோசுப் புட்டிகளில் கிருமிகள் பிழைத்துவிட்டன.

ஆகவே, வேலை முடிந்ததென்று அழுத்தமானியை மட்டும் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பது என் கருத்து. நீராவி தடையின்றிச் சீறி வரும்வரை காற்றுத் திருகைத் திறந்து வைத்தல், நிறமாறும் காட்டித் தாளைச் சுமையின் நடுவில் வைத்தல், வெப்பநிலையையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதி ஒப்பமிடுதல் ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் நிகழ வேண்டும். காட்டித் தாளும் முழுச் சான்றன்று. வெப்பத்தை எளிதில் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் விதைத்துகள்களைக் கொண்டு வாரம் ஒருமுறையேனும் சோதித்தல் வேண்டும். கழிவாயின், 2016 ஆம் ஆண்டு உயிர்-மருத்துவக் கழிவு விதிகளின்படி 121 பாகையில் 60 நிமிடத்திற்குக் குறையாமல் வைத்தல் அவசியம். பலர் கருவி ஏற்பாட்டிற்குரிய 15 நிமிடத்தையே கழிவிற்கும் கணக்கிடுகின்றனர். இது பெரும் பிழையாகும்.

இதன் விளைவு ஆய்வுக்கூடத்தின் கதவோடு நிற்பதில்லை. தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரத்தின் நெகிழிக் கழிவை வெறுங்கையால் பிரிப்போர் உள்ளனர். அரைகுறையாக வெந்த வளர்ப்புத் தட்டு பொதுக் குப்பையில் சேருமாயின், முதலில் அதைத் தொடுபவர் அவர்களே. அவர்களிடம் அழுத்தமானியும் இல்லை, பதிவேடும் இல்லை.

மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் ஆசிரியர்கள் பிரஷர் குக்கரைக் கொண்டே இதனை மாணவர்க்குக் காட்டலாம். திரவப் புட்டிகளில் பாதியளவே நிரப்பி, மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். குளோரின் கலந்த பிளீச்சிங் பொருளை ஒருபோதும் கலத்தில் இடலாகாது. நச்சு வாயு வெளிப்படும். முள் சுழியத்திற்கு வந்த பின்னரும் சற்றுப் பொறுத்தே மூடியைத் திறக்க வேண்டும். திறக்கும்போது முகத்தை விலக்கி நிற்க வேண்டும்.