இரண்டு பாதைக்கும் ஒரு வண்டி... யாருக்காக?



ராத்திரி மெஸ் முடிந்ததும் நம் ஹாஸ்டல் வராந்தாவில் ஆரம்பிக்கும் பட்டிமன்றத்தில் இப்போதெல்லாம் சினிமாவுக்கு இரண்டாவது இடம்தான். முதலிடம் பைக்குக்கு! அதிலும் தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் ஓடுகிற அந்த உயரமான வண்டிகள் வந்தாலும் வந்தன, ஆளாளுக்கு லடாக் கனவு. எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா என்று விடிய விடியச் சண்டை. எனக்கும் அந்த வண்டிகள் மேல் கொள்ளை ஆசை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் யாருமே கேட்காத ஒரு கேள்வியை இந்த மலரில் கேட்க நினைக்கிறேன். இந்த வண்டி யாருக்குத் தேவை? யாருக்குக் கிடைக்கிறது?

நான் மெக்கானிக்கல் மாணவன். அதனால் வண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிசு? சக்கரம் பெரிதாக இருந்தால் சின்னக் குழி குழியாகவே தெரியாது. கல்லில் முட்டி நிற்காமல் ஏறி இறங்கிவிடும். நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்குதான் இந்த பைக்கின் முன்சக்கரத்திலும் இருக்கிறது. 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் 21 இஞ்சு, பின்சக்கரம் 18 இஞ்சு. வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 220 மி.மீ. முன் ஃபோர்க் 190 மி.மீ. வரை அமுங்கி எழும்பும். அலாய் வீல் கிடையாது, போக்ஸ் கம்பி வீல். கல்லில் அடித்தால் அலாய் விரிசல் விடலாம். கம்பி வீல் வளைந்து கொடுக்கும், பட்டறையில் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். இந்த இன வண்டிகள் பலவற்றில் முன் மட்கார்டு டயரை ஒட்டாமல் மேலே தூக்கி நிற்கும். அது அழகுக்கு என்று நினைப்பவர்கள் ஐப்பசி மழையில் எங்கள் கரிசல் காட்டுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். மட்கார்டுக்குள் மண் அப்பி சக்கரமே சுற்றாமல் நின்றுபோகும்!

இத்தனையும் மண்ணுக்காக. தார் ரோட்டில் இதற்கெல்லாம் விலை உண்டு. பட்டன் டயர் தாரில் சீக்கிரம் தேயும், சத்தம் போடும், ஈர ரோட்டில் பிடி குறையும். நீளமான ஃபோர்க், பிரேக் பிடித்ததும் மூக்கைக் குத்தும். ஆக, இரண்டுக்கும் ஆன வண்டி எந்தப் பேப்பரிலும் முதல் மார்க் வாங்காது. ஆனால் இரண்டிலும் அரியர் இல்லாமல் பாஸாகும். அதுதான் அதன் பெருமை!

வண்டி பாஸானால் போதுமா? ஓட்டுகிறவனும் பாஸாக வேண்டாமா? எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு 5 கிலோமீட்டர் கரிசல் பாதை. அப்புறம் டவுனுக்கு 18 கிலோமீட்டர் தார். லைசென்ஸ் எடுத்த கையோடு, என் மாமா மகன் வைத்திருக்கும் வண்டியில் இரண்டு வாரம் இந்தப் பாதையில் ஓட்டிப் பழகினேன். தாரில் நமக்குத் தெரிந்த பாதி விஷயம் மண்ணில் தலைகீழ்!

தாரில் உட்கார்ந்து ஓட்டுகிறோம். மண்ணில் கால்கட்டையில் எழுந்து நிற்க வேண்டும். முழங்கால் இரண்டும் இரண்டாவது சஸ்பென்ஷன் ஆகிவிடும். வண்டி கீழே ஆடினாலும் நாம் ஆட மாட்டோம். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சிரமம்தான், லேசாகப் பிடித்தால் முன்சக்கரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். தாரில் வளைவு வந்தால் வண்டியோடு சேர்ந்து நாமும் சாய்கிறோம். மண்ணில் வண்டியை மட்டும் சாய்த்துவிட்டு, உடம்பை நிமிர்த்தி, வெளிப்பக்கக் கால்கட்டையில் பாரத்தை அழுத்த வேண்டும். மணலில் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் முன்சக்கரம் புதையும். ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டே போனால் கரை சேரலாம்.

பிரேக்கும் அப்படித்தான். தார் ரோட்டில் ஏ.பி.எஸ். நம் உயிரைக் காக்கும். ஆனால் சரளைக் கல்லில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால்தான் கல் குவிந்து வண்டியை நிறுத்தும். அங்கே ஏ.பி.எஸ். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தால் நிற்க வேண்டிய தூரம் கூடிவிடும். அதனால்தான் இந்த வண்டிகள் பலவற்றில் பின் ஏ.பி.எஸ்.ஸை அணைக்க வசதி வைத்திருக்கிறார்கள். மண்ணில் இறங்கும்போது டயர் காற்றையும் கொஞ்சம் குறைத்தால் டயர் அகன்று பிடிக்கும். திரும்பத் தார் ஏறியதும் ஏ.பி.எஸ்.ஸைப் போட வேண்டும், காற்றை நிரப்ப வேண்டும். தலையில் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் இரண்டு பாதைக்கும் பொது!

இதையெல்லாம் பெரிய வித்தை மாதிரி வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். "பள்ளம் வந்தா சீட்டை விட்டு எந்திரிக்கணும்டா, இல்லாட்டி இடுப்பு என்னத்துக்கு ஆகும்? இதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்காங்களா?" என்றார்.

எங்கப்பா பால்காரர். ஒரு மொபெட், இரண்டு பக்கமும் பால்கேன். விடியற்காலை அந்த 5 கிலோமீட்டர் கரிசலைத் தாண்டித்தான் சொசைட்டிக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஒரு குச்சியைச் சீட்டுக்கு அடியில் சொருகி வைத்திருப்பார், மட்கார்டில் அப்பிய மண்ணைக் குத்தி எடுக்க. நேரம் தவறினால் பால் திரிந்துபோகும். அன்றைய கூலி போச்சு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் ஃபீஸ் அந்தக் கேன்களிலிருந்துதான் வருகிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வரும் நர்ஸ் அக்கா, கண்மாய்க் கரை வந்ததும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்.

இப்போது சொல்லுங்கள். மண் பாதை வண்டி யாருக்குத் தேவை? காலேஜ் வாசலிலிருந்து டீக்கடை வரை தார் ரோட்டில் ஓட்டுகிற நமக்கா, இவர்களுக்கா? ஆனால் வண்டியின் விலையோ இவர்களுக்கு எட்டாத உயரம். சீட் உயரம் 82 செ.மீ. போல. சேலை கட்டிய அக்கா எப்படி ஏறுவார்? பால்கேனை எங்கே மாட்டுவது?

'நடக்கிற காரியமா இது?' என்று கேட்கலாம். நடந்திருக்கிறது நண்பர்களே! 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு டீலர், ஹோண்டாவின் சின்னக் கப் வண்டிக்குப் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கி, பட்டன் டயர் மாட்டி, மலைப் பாதைக்காரர்களுக்கு விற்றார். அதைப் பார்த்துக் கம்பெனியே 'டிரெயில்' வண்டிகளைச் செய்தது. அந்த வழியில் வந்த சி.டி. 110-ல்தான் ஆஸ்திரேலியத் தபால்காரர்கள் பல்லாண்டுகள் கடிதம் கொடுத்தார்கள். யமஹா 1968-ல் டி.டி. 1 என்ற இரட்டைப் பாதை வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு விவசாயிக்கென்றே ஏ.ஜி. வரிசையைச் செய்தது. அதில் வந்த ஏ.ஜி. 200-ல் செயினுக்கு முழு மூடி, முன்னும் பின்னும் கேரியர், எந்தச் சரிவிலும் நிறுத்த இரண்டு பக்கமும் ஸ்டாண்டு! ஆப்பிரிக்காவில் காம்பியா, லெசோத்தோ போன்ற நாடுகளில் 'ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்' என்ற அமைப்பு, சுகாதார ஊழியர்களுக்கு மண் பாதையில் ஓட்டவும், தினமும் வண்டியைச் சோதிக்கவும் பயிற்சி கொடுத்தது. மருந்து கிராமம் சேர்ந்தது.

'அப்போ நாங்க ஆசையே படக்கூடாதா?' என்று சிலர் கோபப்படலாம். தாராளமாகப் படலாம். 2015-ல் சி.எஸ்.சந்தோஷ் டக்கார் ராலியை ஓட்டி முடித்தபோதும், 2024-ல் கேரளத்து ஹரித் நோவா அதே ராலியில் ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்தபோதும் நமக்கு எவ்வளவு பெருமை! ஆனால் அவர்கள் பெயருக்குப் பின்னால் இருப்பது பயிற்சி. நம்மில் சிலர் செய்வது வேறு. அம்மா தாலிச்சங்கிலியை அடகு வைக்கச் சொல்லி வண்டி வாங்குவது, அப்புறம் மழை பெய்த மறுநாள் கண்மாய்க் கரையை உழுது வீடியோ எடுப்பது. கரை உடைந்தால் அழிவது யாரோ ஒருவருடைய நெல் அல்லவா? அதைச் சாகசம் என்று நான் ஒப்பமாட்டேன்.

ஆசை இருக்கிறவர்கள் முதலில் வீட்டில் இருக்கிற வண்டியிலேயே மெதுவாக எழுந்து நின்று ஓட்டப் பழகுங்கள். மண்ணைப் படியுங்கள். கையில் காசு வந்தபின் வண்டி வரட்டும். இறுதியாண்டு நண்பர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். வருஷா வருஷம் அதே பழைய பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி வைக்காதீர்கள். ஒரு மொபெட்டை எடுங்கள். முன்சக்கரத்தைப் பெரிதாக்க முடியுமா, மட்கார்டை மண் அப்பாமல் தூக்க முடியுமா, சீட்டை உயர்த்தாமல் அடிவயிற்றை உயர்த்த முடியுமா, பால்கேன் பாரத்தைக் கீழே இறக்க முடியுமா என்று பாருங்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் செட்டும் லேத்தும் சும்மாதானே கிடக்கின்றன?

தார் ரோட்டில் பிறந்தவர்கள் மண் ரோட்டுக்கு வண்டி செய்ததெல்லாம் போதும். மண் ரோட்டிலிருந்து படிக்க வந்த நாம் செய்ய வேண்டிய நேரம் இது. சிந்திப்போம் நண்பர்களே, செய்தும் காட்டுவோம்!