அளவில்லாச் சொல்!

பொய்யனைக்கூடப் பொறுக்கலாம்; பொருளை மறைத்துப் பேசுவோனைப் பொறுத்தலாகாது, தோழர்களே!

இலங்கையில் 1956-இல் சிங்களமே ஆட்சிமொழியாயிற்று. தமிழுக்கோ ‘நியாயமான அளவு’ இடம் என்றனர். எவ்வளவு? அளப்பவர் யார்? விடையில்லை! சிங்களவர் செவிக்கு அச்சொல் ‘ஒன்றும் கொடோம்’. தமிழர் செவிக்கு ‘உரிமை தருவோம்’!

1957 சூலையில் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்த பண்டாரநாயக்கா, 1958 ஏப்ரலில் பிக்குகள் வாயிலில் அமர்ந்ததும் அதைக் கைவிட்டார். மே மாதம் குருதி ஓடிற்று. அவ்வாண்டே தமிழ்மொழிச் சட்டம் வந்தது; அதன் விதிகள் வந்ததோ 1966-இல்!

கொடுத்துவிட்டதாக ஒரு சாரார் கொதித்தனர். கொடாததால் மறு சாரார் குமுறினர். முறிந்தது ஒப்பந்தம் மட்டுமா? நம்பிக்கையன்றோ!

இனி எத்தலைவர் பேசினும் கேளுங்கள்: என்ன? எவ்வளவு? என்றைக்கு?