கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாகுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. மனிதன் போட்டால் கணக்கு தவறலாம். கம்ப்யூட்டர் போட்டால் தவறாது. பெரும்பாலும் இது சரிதான். ஆனால் இரண்டு விதமாகப் பொருள் கொள்ள இடம் தரும் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? அங்கே கம்ப்யூட்டர் யோசித்து எதையும் முடிவு செய்வதில்லை. அந்த மென்பொருளை எழுதியவர் என்றோ எடுத்த முடிவைத்தான் விடையாகக் காட்டுகிறது.

இதைச் சோதிக்க விண்டோஸில் இருக்கும் கால்குலேட்டரே போதும். அதைத் திறந்து, ஸ்டாண்டர்ட் நிலையில் 2 + 3 × 4 = என்று வரிசையாகத் தட்டுங்கள். 20 என்று வரும். இப்போது மெனுவில் சயின்டிஃபிக் நிலைக்கு மாறி, அதே பட்டன்களை அதே வரிசையில் தட்டுங்கள். விடை 14! முதலாவது நிலை, மளிகைக் கடை மேஜையில் கிடக்கும் கால்குலேட்டரைப் போலத் தட்டத் தட்டக் கணக்கை முடித்துக்கொண்டே போகிறது. இரண்டாவது, பள்ளியில் சொல்லித் தந்தபடி பெருக்கலை முதலில் செய்கிறது.

இதையாவது விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். எக்ஸெல்லில் நடப்பதை அப்படி விட முடியாது. ஒரு செல்லில் =10-5^2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். -15 என்று வரும்; சரி. பக்கத்து செல்லில் அதையே திருப்பிப் போட்டு =-5^2+10 என்று கொடுங்கள். -15 வராது, 35 வரும்! கணிதப் புத்தக வழக்கப்படி 5ன் வர்க்கத்தை முதலில் கண்டு, பிறகு கழித்தல் குறியைச் சேர்க்க வேண்டும். எக்ஸெல் எண்ணுக்கு முன்னால் நிற்கும் குறியை முதலில் 5உடன் ஒட்டிவிடுகிறது. -5ஐ -5ஆல் பெருக்கினால் 25. அத்துடன் 10 சேர்ந்து 35. புள்ளியியல் படிக்கும் மாணவர் மணி வடிவ வளைகோட்டின் சூத்திரத்தை அப்படியே எக்ஸெல்லில் கொடுத்தால் வளைகோடு கீழே இறங்க வேண்டிய இடத்தில் மேலே ஏறுவதற்கும் இதுவே காரணம்.

மைக்ரோசாஃப்ட் இதை மறைக்கவில்லை. எந்தச் செயலை முதலில் செய்யும் என்ற பட்டியல் எக்ஸெல்லின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. (உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்!) எக்ஸெல்லுக்குள்ளேயே மேக்ரோ எழுத விஷுவல் பேசிக் மொழியும் இருக்கிறதல்லவா? அதில் இதே கணக்கைக் கொடுத்தால் -15 என்கிறது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்பது இதுதான். முறைகள் வேறுபடுவதைக்கூட மன்னிக்கலாம். ஒரு வார்த்தை எச்சரிக்காமல் வேறுபடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது மாற்றினால் உலகெங்கும் உள்ள பழைய ஒர்க்‌ஷீட்டுகளில் விடை மாறிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் எண்ணை எழுத்தாக டைப் செய்துவிட்டால் செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் காட்டி எச்சரிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு, இங்கேயும் ஒரு முக்கோணம் காட்டுவது பெரிய வேலையா என்ன?

பணக் கணக்கில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. 2.5ஐ முழு எண்ணாக ரவுண்ட் செய்தால் எவ்வளவு? 3 என்பீர்கள். எக்ஸெல்லின் ரவுண்ட் ஃபங்ஷனும் 3 என்றே சொல்லும். விஷுவல் பேசிக்கின் ரவுண்ட் கட்டளையோ 2 என்கிறது. 3.5ஐக் கொடுத்தால் 4 என்கிறது. சரிபாதியாக வரும்போது அருகில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். இது கோளாறு அல்ல. 0.5, 1.5, 2.5, 3.5 ஆகிய நான்கையும் கூட்டினால் 8. எப்போதும் மேலே ஏற்றினால் 1, 2, 3, 4 என்றாகிக் கூட்டுத்தொகை 10 ஆகிவிடும். இரட்டைப்படை முறையில் 0, 2, 2, 4, கூட்டுத்தொகை 8தான். நிறைய எண்களைக் கையாளும் ஆய்வுகளுக்கு இது நல்ல முறை.

நம் ஊர் வரிக்கு அது பொருந்தாது. 2017ல் வந்த மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170ஆவது பிரிவு, செலுத்த வேண்டிய தொகையில் 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்றச் சொல்கிறது. குறைந்தால் விட்டுவிடச் சொல்கிறது. இரட்டைப்படை பற்றி அதில் பேச்சே இல்லை. பைதான் மொழி பழகுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அதன் 2ஆம் பதிப்பு 2.5ஐ 3 ஆக்கியது. 2008ல் வந்த 3ஆம் பதிப்பு 2 ஆக்குகிறது.

சில்லறைதானே என்று நினைத்தால், கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தையில் நடந்ததைக் கேளுங்கள். 1982 ஜனவரியில் 1000 புள்ளிகளுடன் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பின்னும் அதைத் திருத்தும்போது, மூன்று தசம இலக்கங்களுக்குப் பின் வருவதை ரவுண்ட் செய்யாமல் கம்ப்யூட்டர் வெட்டித் தள்ளியது. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524.811 என்று நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது 1098.892 என்று வந்தது. பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கிறது! இத்தனை மாதமும் திரையில் ஒரு பிழைச் செய்தி கூட வந்திருக்காது.

பிழைச் செய்தி வந்தாலே புதியவர்கள் பயந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், சந்தேகமான இடத்தில் பிழைச் செய்தி தருகிற மென்பொருள்தான் உங்களை மதிக்கிறது. குரோம் பிரௌசரில் எஃப்12 தட்டி, கன்சோல் பகுதியில் -5**2 என்று கொடுத்துப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் அடுக்குக்கு இரண்டு நட்சத்திரங்கள். விடை வராது, சின்டாக்ஸ் எரர் வரும். 2016ல் இந்த வசதியைச் சேர்த்தபோது, மற்ற மொழிகள் ஆளுக்கொரு விடை சொல்வதைப் பார்த்து, அடைப்புக்குறி போட்டால்தான் கணக்குப் போடுவேன் என்று விதி வைத்துவிட்டார்கள். (அதே மொழி 1ஐப் பூஜ்யத்தால் வகுத்தால் கூசாமல் 'முடிவிலி' என்று சொல்வது வேறு கதை.) எக்ஸெல்லுக்கும் ஒரு பாராட்டு: =0^0 கொடுத்தால் 1 என்று அடித்துவிடாமல் பிழை காட்டுகிறது. பைதான் 1 என்கிறது.

ஆகவே ஃபார்முலாவில் கழித்தல் குறியும் அடுக்கும் சேர்ந்து வந்தால் =-(5^2) என்று அடைப்புக்குறி போட்டு எழுதுங்கள். எந்த மென்பொருளிலும் ஒரே விடைதான் கிடைக்கும். கடைக்குப் பில் போடும் மென்பொருள் வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் 102 ரூபாய் 50 காசுக்கு ஒரு பில்லும் 103 ரூபாய் 50 காசுக்கு ஒரு பில்லும் ரவுண்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். 103, 104 என்று வர வேண்டும். 102, 104 என்று வந்தால் ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.