பல் அகற்றும் முன் போடப்படும் மரப்பு ஊசி: வாணியம்பாடிச் செய்திக்குப் பின் எழும் ஐயங்கள்

இலத்தூர், செங்கோட்டை சுற்றுவட்டாரத்திலிருந்து பல் அகற்ற வருவோரில் சிலர், "அந்த ஊசியால்தானே வாணியம்பாடியில் இறந்தார்கள்?" என்று கேட்கின்றனர். சிலர் ஊசிக்கு அஞ்சிச் சீழ் பிடித்த பல்லுடன் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தாமதம் மிக ஆபத்தானது. பல்லின் சீழ் கழுத்துக்குப் பரவி மூச்சுப்பாதையை அடைக்கக்கூடும்.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 10 பேர் 2022–23 காலகட்டத்தில் நியூரோமெலியாய்டோசிஸ் என்னும் மூளைத் தொற்றுக்கு ஆளாயினர். அவர்களில் 8 பேர் உயிரிழந்தனர். இதைப் பற்றிய ஆய்வு 2025 மே மாதம் நாளிதழ்களில் செய்தியானது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டில் வழியே பரவியதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தூய்மை செய்யப்படாத கருவியால் பாட்டிலைத் திறந்து, சரிவர மூடாமல் வைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே அதற்கு வழிவகுத்தது. மரப்பு ஊசியின் மருந்தோ, அதைச் செலுத்திய முறையோ காரணம் என ஆய்வு கூறவில்லை.

எனினும் ஊசி முறைகள் எல்லாம் ஒன்றல்ல. எந்தப் பல், எந்தத் தாடை என்பதைப் பொறுத்தே மருத்துவர் முறையைத் தேர்வு செய்கிறார். மேல்தாடை எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. ஆகவே பல்லின் வேரருகே ஈற்றில் செலுத்தும் மருந்து எலும்பினுள் ஊறிச் சில நிமிடங்களில் அந்தப் பல்லை மரக்கச் செய்துவிடும். அண்ணப் பக்கம் தனியாக ஓர் ஊசி தேவைப்படும். நோயாளிகள் அதிகம் முகம் சுளிப்பது இதற்குத்தான். அண்ணத்துத் தோல் எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் மருந்து பரவ இடமில்லை. மிகச் சிறிய அளவை மெதுவாகச் செலுத்தினால் வலி வெகுவாகக் குறையும். ஆர்டிகெயின் என்னும் மருந்து எலும்பினுள் நன்கு ஊடுருவுவதால், பலருக்கு அண்ண ஊசியே இல்லாமல் மேற்பல்லை அகற்ற முடிகிறது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் பயன்படுவது 2 விழுக்காடு லிக்னோகெயினும் அட்ரினலினும் சேர்ந்த மருந்தே.

கீழ்க் கடைவாய்ப்பற்களைச் சுற்றியுள்ள எலும்பு அடர்த்தியானது. அங்கு மருந்து ஊறாது. எனவே தாடையின் பின்புறத்தில் நரம்பு எலும்பினுள் நுழையும் இடத்தருகே ஊசி செலுத்தப்படுகிறது. அந்தப் பக்கக் கீழுதடு கனத்து மரத்தால் மருந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். நரம்பின் இருப்பிடம் ஆளுக்கு ஆள் சற்று மாறுபடுவதால், திறமையான கைகளிலும் சில நேரம் முதல் ஊசி பலிப்பதில்லை. "உதடு மரக்கவில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள். இரண்டாம் ஊசி போடுவது தவறன்று. சீழ் பிடித்த திசுவின் அமிலத்தன்மை மருந்தின் வலுவைக் குறைக்கும். அதனால்தான் சிலருக்கு முதலில் சீழை வடித்த பின்னரே பல் அகற்றப்படுகிறது.

பாக்கு, புகையிலை மென்று வாய் திறக்க இயலாதவர்களுக்கு, வாயை மூடியபடியே ஊசி போடும் வாசிரானி–அகினோசி முறை உண்டு. இரத்தம் உறையாமை நோய் உள்ளவர்களுக்குத் தாடையின் பின்புற ஊசி ஆழத்தில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே சிறிதளவு மருந்து செலுத்துவது பாதுகாப்பானது. இத்தகைய நோய்களையும், இதய நோய், இரத்த அழுத்தம், கர்ப்பம் ஆகியவற்றையும், உட்கொள்ளும் மாத்திரைகளையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

வெறும் வயிற்றில் வருவது இங்குப் பழக்கமாகிவிட்டது. பல் நாற்காலியில் மயங்கிச் சாய்வோரில் பெரும்பாலோர் அச்சத்தாலும் பசியாலும் சாய்பவர்களே. உணவு உண்டு வாருங்கள். ஊசி போட்டவுடன் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடத்தால், அது பெரும்பாலும் அட்ரினலினின் விளைவு.

வாணியம்பாடி நிகழ்வு கற்பித்த பாடம் மருந்துக்குப்பிக்கும் பொருந்தும். லிக்னோகெயின் பல இடங்களில் பலருக்குப் பயன்படும் 30 மி.லி. குப்பியில் வருகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய ஊசியும் புதிய சிரிஞ்சும் உறையிலிருந்து கண்முன் எடுக்கப்பட வேண்டும். பயன்படுத்திய சிரிஞ்சு மீண்டும் குப்பிக்குள் செல்லக்கூடாது. சலைன் பாட்டில் எப்போது திறக்கப்பட்டது என்று கேட்பதும் நோயாளியின் உரிமையே.

மரப்பு சில மணி நேரத்தில் விலகிவிடும். அதுவரை குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் அகற்றிய அடுத்த நாட்களில் காய்ச்சலுடன் கடும் தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகம் கோணுதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், அண்மையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே சென்று, பல் சிகிச்சை பெற்ற தேதியையும் இடத்தையும் கூறுங்கள்.